தாடிக்கொம்பைப் பார்த்த வட்டமேடை

1952-இல் கடைசி எஞ்சினும் மதுரைக்குப் போன பிறகு, திண்டுக்கல் பழைய லோகோ ஷெட்டின் வட்டமேடை, மேலே ஏறி நிற்கும் மனிதர்களை அவரவர் வீட்டைப் பார்த்துத் திருப்பிவிடத் தொடங்கியது. அந்த வருஷம் மழை குறைவு; சின்ன வெங்காயம் விலை ஏறியிருந்தது. வட்டமான ஒரு பள்ளம், நடுவே இரும்பு அச்சு, அச்சின் மேல் ஒரு துண்டுத் தண்டவாளம், இவ்வளவுதான் வட்டமேடை. எஞ்சினை அதில் ஏற்றி, ஆட்கள் சுற்றி நின்று தள்ளினால், மதுரையைப் பார்த்து வந்த எஞ்சின் திருச்சியைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். இரண்டு மூன்று தலைமுறையாக அதையே செய்து பழகிய இரும்பு, வேலை நின்றதும் சும்மா இருக்க முடியாமல் மனிதர்களைத் திருப்ப ஆரம்பித்துவிட்டது என்று காவலுக்கு இருந்த மாயாண்டி சொன்னார். யாரும் அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை. ஊர் அதை வட்டம் என்று சுருக்கி அழைத்தது.

எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும், வட்டம் மெல்ல முனகிக்கொண்டு சுழலும். வீடு நேரே வந்ததும் நிற்கும். பழனிப் பாதயாத்திரைக் கூட்டத்தில் தவறிய பிள்ளைகளைப் போலீஸ்காரர்கள் இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். கள்ளச் சாராயம் குடித்தவர்கள் தாங்களாகவே வந்து ஏறி, திசை தெரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்திருந்த ஆவுடையப்பன் ஏறியபோது வட்டம் வடகிழக்கே, கடலுக்கு அப்பால் எதையோ காட்டியது. அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். பாலசமுத்திரத்தில் பெண் கட்டி இரண்டு வருஷம் கழித்து மறுபடி வந்து ஏறினார். வட்டம் செத்த நேரம் யோசித்துவிட்டு மேற்கே திரும்பியது. அதன் பிறகு அவர் வரவேயில்லை. ஒரு சமயத்தில் ஓர் ஆள்தான் ஏறலாம் என்பது மாயாண்டி போட்ட சட்டம். சொத்துத் தகராறில் இருந்த அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து ஏறியபோது, வட்டம் எந்தப் பக்கமும் போக முடியாமல் நடுங்கி, அச்சிலிருந்து புகை வந்துவிட்டது.

பேகம்பூர் தோல் வியாபாரி ஜெகபர் அலியின் மனைவி உம்மு சல்மா இந்த வட்டத்தைப் பார்த்ததில்லை. பார்க்க ஆசையும் இல்லை. அவளுக்கு வீடு எது என்று வட்டம் காட்டிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இருந்தது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் கணவன் அவளிடம் பேசிய பேச்சில் பெரும்பகுதி வெஞ்சனத்தைப் பற்றியது. உப்புக் கம்மி, உப்புக் கூட, இன்னிக்கு நல்லாருக்கு. கெட்ட மனிதர் இல்லை. கையில் இருப்பதை அவள் கேட்காமலே கொடுப்பார். பேச்சு மட்டும் கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தைகூட வராது. ராத்திரி தூங்கும்போது அவர் முகம் எப்போதும் அவள் பக்கமே இருக்கும். அது பழக்கமா பிரியமா என்று தெரியாமல் அவள் விழித்திருந்த இரவுகள் உண்டு.

அவளிடம் ஒரு ரகசியமும் இருந்தது. அம்மை குத்த பேகம்பூருக்குச் சைக்கிளில் வந்த நர்சு புஷ்பமேரியை ஜன்னல் வழியாகப் பார்த்த நாளிலிருந்து உம்மு சல்மாவுக்குக் கால்கள் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. உட்கார்ந்து அரிசி புடைக்கும்போதும் பாதங்கள் மிதித்துக்கொண்டிருந்தன. புஷ்பமேரியின் வீடு தாடிக்கொம்பில். வியாழக்கிழமை தோல் மண்டியில் ஏலம் என்பதால் ஜெகபர் அலி மதியச் சாப்பாட்டுக்கு வரமாட்டார். அந்த வியாழக்கிழமைகளில் உம்மு சல்மா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறி தாடிக்கொம்புக்குப் போய், வற்றிக் கிடந்த குளத்துக்குள் சைக்கிள் கற்றுக்கொண்டாள்.

“அக்கா, தரையப் பாக்காத. அந்தா கோயில் கோபுரம் தெரியுதுல்ல, அதப் பாத்து மிதி” என்பாள் புஷ்பமேரி, பின்னால் ஓடிக்கொண்டே.

“பெருமாளப் பாத்து நான் மிதிக்க, மாதாவக் கும்புடுறவ நீ தள்ள, எங்க அத்தா கேட்டா மயக்கம் போட்டுருவாரு!”

சிரித்தால் கைப்பிடி ஆடும். ஆனாலும் அவள் சீக்கிரமே நன்றாக ஓட்டினாள். இறங்குவது மட்டும் வரவில்லை. புஷ்பமேரிதான் ஓடிவந்து பிடித்து இறக்க வேண்டும்.

1957-இல் லோகோ ஷெட் இருந்த இடம் ஏலத்துக்கு வந்தது. எடுத்தவர் ஜெகபர் அலி. வாணியம்பாடிக் கூட்டாளிகள் இருவரோடு சேர்ந்து, கொட்டகையை இடித்து, வட்டத்தைக் கழற்றி இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு, முன்பக்கம் கடை வரிசையும் பின்பக்கம் தோல் கிட்டங்கியும் கட்டுவதாகத் திட்டம். கடைகள் வந்தால் நல்லதுதான் என்று சொன்னவர்களும் ஊரில் இருந்தார்கள். அவர்களில் பலர் அன்று சாயங்காலமே ஷெட்டுக்குப் போய், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு முறை வட்டத்தில் ஏறி வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மாயாண்டி பேகம்பூர் வீட்டு வாசலில் வந்து நின்றார். கதவுக்குப் பின்னால் நின்று உம்மு சல்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மொதலாளி, கடை எங்கிட்டு வேணாலும் கட்டலாம். வட்டத்த எங்கிட்டுப் போயி வாங்குவீக?”

“ஏலே மாயாண்டி, ஊர்க்காரனுக்கு வீடு எங்க இருக்குன்னு தெரியாதா? தெரியாதவன விசாரிச்சுப் போகச் சொல்லு.”

“நீங்க ஒரு வாட்டி ஏறி நின்னு பாத்துட்டு இந்தப் பேச்சப் பேசுங்க.”

“ஏறுனா என்ன, என்னையத் தூக்கிக்கிட்டா போயிரும்?”

அடுத்த வியாழக்கிழமை மண்டி ஏலம் சீக்கிரம் முடிந்தது. ஜெகபர் அலி கூட்டாளிகளை அழைத்துக்கொண்டு மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் நேரே ஷெட்டுக்குப் போனார். ஆட்கள் கயிறு பிடித்து இடத்தை அளக்க, அவர் சிரித்துக்கொண்டே வட்டத்தில் ஏறினார். பேகம்பூர் மலைக்கோட்டைக்கு அப்பால் தென்மேற்கே இருக்கிறது. வட்டம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் வடக்கே திரும்பி, தாடிக்கொம்புச் சாலையைப் பார்த்து நின்றது. போதாததற்கு, தாடிக்கொம்பைப் பார்த்தபடியே இடமும் வலமுமாக லேசாக அசைந்துகொண்டிருந்தது, தொட்டிலை ஆட்டுவதுபோல. கயிறு பிடித்திருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டார்கள்.

ராத்திரி இஷா தொழுகைக்குள் செய்தி பேகம்பூர் முழுக்கப் பரவிவிட்டது. வட்டம் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆகவே ஜெகபர் அலிக்குத் தாடிக்கொம்பில் இன்னொரு வீடு இருப்பது உறுதி. தொட்டில்போல அசைந்ததால் அங்கே ஒரு குழந்தையும் இருக்க வேண்டும். அவர் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தார். வரும் சனிக்கிழமையே வட்டத்தை உடைக்க ஆள் சொல்லிவிட்டதாக மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவருக்கு மண்டியில் ஏதோ நஷ்டம் என்று நினைத்தாள். மறுநாள் காலையில் அடுத்த வீட்டுக் கமர்ஜஹான் முறுக்குத் தட்டோடு வந்தாள்.

“ஏம்மா சல்மா, ஒன் வீட்டு ஆளு தாடிக்கொம்பப் பாத்து நின்னாராமே. அங்கன என்ன, தோலு காயப்போட்டிருக்காரா?”

விஷயம் முழுவதையும் கேட்டபோது உம்மு சல்மாவின் கையிலிருந்த குடம் தானாகக் கீழே இறங்கி உட்கார்ந்தது. ஆறு வருஷத்து மௌனத்துக்கும் காரணம் கிடைத்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. கமர்ஜஹான் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து முகம் கழுவக் குனிந்தபோதுதான், முழங்காலில் குளத்து மண் இன்னும் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். வியாழக்கிழமை. லுஹர் தொழுகை முடிந்த நேரம். அந்த நேரத்தில் தாடிக்கொம்புக் குளத்துக்குள் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகச் சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தது யார்?

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே பயமும் வந்தது. வட்டம் தேடியது வீட்டை அல்ல, தன்னை என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சைக்கிள் கதை வெளியே வரும். பேகம்பூர் பேசும், அவர் முகம் எப்படிப் போகும் என்று தெரியாது. சொல்லாவிட்டால் நாளை வட்டம் உடைந்துவிடும். அவர் பெயர் கெட்டது கெட்டதுதான். தன் கணவனுக்கு வீடு எது என்று ஊரில் ஒரே ஓர் இரும்புக்குத்தான் தெரியும்; அது எடை போட்டு லாரியில் போய்விடும். அதற்குப் பிறகு அவளுக்குக் காலம் முழுக்க உப்புக் கம்மி, உப்புக் கூட. எல்லாவற்றையும்விட மோசமாக இன்னொன்றும் இருந்தது. தான் நினைத்தது தப்பாக இருந்துவிட்டால்? ஊர் முன்னால் போய் நின்று, வட்டம் தன்னைப் பார்க்காமல் வேறு எங்காவது திரும்பினால்?

சனிக்கிழமை விடிந்ததும், அவர் ஆட்களைக் கூட்டப் போன பிறகு, அவள் முதல் பஸ்ஸில் தாடிக்கொம்புக்குப் போனாள். சங்கதியைக் கேட்ட புஷ்பமேரி வாயைப் பொத்திக்கொண்டாள். “அக்கா, ஒனக்கு எறங்கத் தெரியாதே!” என்றாள். பிறகு சீட்டைத் துடைத்து, திண்டுக்கல்லைப் பார்த்து ஏற்றித் தள்ளிவிட்டு, தானும் பின்னால் பஸ் பிடித்தாள்.

ஷெட்டில் அன்று தேர் பார்க்க வந்ததுபோல் கூட்டம். கடப்பாரையோடு ஆட்கள் நின்றார்கள். அச்சில் முதல் அடியைத் தானே போடப்போவதாகச் சொல்லி ஜெகபர் அலி வட்டத்தில் ஏறினார். இரும்புக்குப் பயந்தவன் என்ற பேரும் சேர்ந்துவிடக் கூடாது என்று நினைத்திருக்கலாம். வட்டம் மறுபடியும் வடக்கே திரும்பியது. கூட்டம் ‘ம்ம்’ என்றது. அவர் கடப்பாரையை ஓங்கினார். வட்டம் ஒரு விரல்கடை கிழக்கே நகர்ந்தது. மறுபடி ஓங்கினார், இன்னும் ஒரு விரல்கடை. தாடிக்கொம்பு என்ன நகர்ந்துகொண்டா இருக்கிறது என்று யாரோ கேட்டார்கள். அப்போதுதான் சாலைத் திருப்பத்தில் வெள்ளையாக என்னவோ பறந்து வருவது தெரிந்தது. கொக்கு என்றார்கள். பிறகு சைக்கிள் மணி கேட்டது.

உம்மு சல்மா வாசல் வழியாக நுழைந்து, முன்பு ஆட்கள் எஞ்சினைத் தள்ளிக்கொண்டு நடந்த வட்டப்பாதையில் ஏறி, பள்ளத்தைச் சுற்ற ஆரம்பித்தாள். தண்டவாளத்தைத் தாண்டும்போதெல்லாம் சைக்கிள் குலுங்கி மணி தானாக அடித்தது. துப்பட்டி பின்னால் நீளமாக மிதந்தது. நடுவே வட்டம் சுழன்றது. அவள் மேற்கே போனால் மேற்கே, தெற்கே போனால் தெற்கே. முனகல் இல்லாமல், எண்ணெய் போட்டதுபோல வழவழவென்று, கையில் கடப்பாரையோடு நின்ற மனிதரை அவள் முகத்துக்கு நேராகவே வைத்துக்கொண்டு அது சுழன்றது. சைக்கிளின் பின்னால் எழுந்த செம்புழுதி கீழே இறங்க மனமில்லாமல் கொட்டகைக் கூரைவரை நிறைந்து நின்றது. அந்தப் புழுதிக்குள் காலை வெயில் பொன்னாக நனைந்திருந்தது. கூரையில் இத்தனை வருஷமாக ஒட்டியிருந்த எஞ்சின் கரி, பூப்போல மெதுவாக உதிர்ந்து எல்லோர் தலைமேலும் விழுந்தது. யாரும் தட்டிவிடவில்லை.

“சல்மா... நில்லு, சல்மா, தலை சுத்துது!”

“நிக்கத் தெரியாதுங்க!”

“தாடிக்கொம்புல இருந்தது நீதானா?”

“வியாழக்கிழம வியாழக்கிழம நாந்தாங்க!”

“ஏலே, யாராவது புடிங்களேன்டா!” என்று அவர் கத்தினார். யாரும் நகரவில்லை. பிடித்துவிட்டால் இது நின்றுவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடைசியில் அவரே கடப்பாரையைப் பள்ளத்துக்குள் போட்டுவிட்டுக் குதித்து, ஓடிவந்து கைப்பிடியைப் பிடித்தார். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

“எறங்கத் தெரியாமயா இம்புட்டுத் தூரம் வந்தே?”

“எறங்குற எடத்துல நீங்க இருப்பீகன்னு தெரியும்.”

அவர் தோளில் கிடந்த துண்டால் அவள் முகத்திலிருந்த கரியைத் துடைத்தார், ஊர் பார்க்க. பஸ்ஸில் வந்து இறங்கிய புஷ்பமேரி முதலில் சைக்கிளுக்கு அடிபட்டிருக்கிறதா என்று பார்த்தாள்.

அன்று வட்டம் உடைக்கப்படவில்லை. அதற்குப் பிறகும் இல்லை. பெண்பிள்ளை சைக்கிள் விட்டதைப் பற்றிப் பேகம்பூரில் சில நாள் முணுமுணுத்தார்கள். பிறகு ஆட்டுத்தோல் விலை இறங்கியதால் பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. வாணியம்பாடிக் கூட்டாளிகள் பங்கை வாங்கிக்கொண்டு விலகினார்கள். ஜெகபர் அலி சாலையோரமாக மட்டும் கடை வரிசை கட்டி, நடுவில் ஒரு வண்டி போகும் அளவுக்கு வழி விட்டு, கொட்டகைக்கு ஓடு மாற்றினார். தோல் கிட்டங்கி வேறு இடத்தில் வந்தது. மனைவிக்கு ஒரு சைக்கிள் வாங்கி, இறங்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். 1961-இல் ஒரு மில் முதலாளி வட்டத்துக்கு நல்ல விலை சொல்லி ஆளனுப்பினார். “வீட்ட விக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லைங்க” என்று ஜெகபர் அலி சொல்லி, வந்தவருக்கு டீ கொடுத்து அனுப்பினார். வீட்டில் அவர் பேச்சு அப்படியொன்றும் கூடிவிடவில்லை. ஆனால் கடை மூடியதும் தினமும் வட்டத்தில் ஏறிச் செத்த நேரம் நிற்பார். அவள் எந்தத் தெருவில் மிதித்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு, அந்த வழியாகவே வீட்டுக்கு நடப்பார். அவளும் அந்த நேரத்தில் கொஞ்சம் மெதுவாகத்தான் மிதிப்பாள்.

உம்மு சல்மா மட்டும் வட்டத்தில் ஏறியதே இல்லை. அவரும் கேட்டதில்லை, கேட்கப் பயந்தார் என்பதைக் கேட்காத விதத்திலிருந்தே அவள் தெரிந்து வைத்திருந்தாள். 1966-இல், நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம், அவர் வட்டத்தில் நின்றிருந்தபோது சைக்கிளில் வந்து, அழகாக இறங்கி, ஸ்டாண்டு போட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு, துப்பட்டியை ஒதுக்கிக்கொண்டு, அவர் பக்கத்தில் ஏறி நின்றாள். ஒரு சமயத்தில் ஓர் ஆள்தான் என்று சொல்ல வாயெடுத்த மாயாண்டி, அப்படியே நிறுத்திக்கொண்டார்.

வட்டம் அசையவே இல்லை. மழையில் துருவேறிவிட்டதோ என்று மாயாண்டி பள்ளத்தில் இறங்கி அச்சைத் தொட்டுப் பார்த்தார். எண்ணெய் நிறையவே இருந்தது.