ஒரு இஞ்சு மாஸ்டர் சிலிண்டர்

பாஸ்கல் விதியை முழுதாகப் புரிந்துகொண்டவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் பாஸ்கல், அவர் காலமாகிவிட்டார். இன்னொருவர் பட்டாபிராமன், கே.கே. நகரில் இருக்கிறார். இதைச் சொன்னதும் பட்டாபிராமன்தான். பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் பதினேழு வருஷமாக அந்த விதியைக் கரும்பலகையில் எழுதி அழித்தவர் சொல்லும்போது மறுக்க யாருக்கும் தைரியம் வராது. தைரியம் உள்ள ஒரே ஆள், அவர் மனைவி ஸ்யாமளா, அப்போது அடுப்படியில் இருந்தாள்.

பேச்சு கிளம்பியதற்குக் காரணம் அவருடைய ஐம்பத்திரண்டாம் வருஷத்து மாரிஸ். மேல்மூடியை மடக்கிவிட்டால் திறந்த கார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா பிள்ளைக்கு ஜானவாசம். நாயனம் முன்னால் நடக்க, மாப்பிள்ளையை அந்தக் காரில் உட்காரவைத்துப் பின்னாலேயே தான் ஓட்டி வருவதாக அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அக்காவும் அதை நம்பி, பேசி வைத்திருந்த வாடகைக் காரை வேண்டாமென்று சொல்லிவிட்டாள். இடைஞ்சல் ஒன்றே ஒன்று. பிரேக் பிடிப்பதும் பிடிக்காததும் மாரிஸின் இஷ்டமாக இருந்தது.

எனவே முன் சக்கரங்களுக்குப் பெரிய பிரேக்காக வாங்கிக்கொண்டு, பழங்காநத்தத்தில் மெக்கானிக் முத்திருளனின் ஷெட்டுக்குப் போனார். மீதி இருந்தது மாஸ்டர் சிலிண்டர். பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயை நாலு சக்கரத்துக்கும் தள்ளுகிற சாமான் அது. முத்திருளனிடம் உள்குறுக்களவு முக்கால் இஞ்சில் ஒன்றும் ஒரு இஞ்சில் ஒன்றும் இருந்தன.

ஆனால் முத்திருளன் அவற்றைத் தொடவில்லை. தரையில் கிடந்த ஒரு பழைய கார் சீட்டைக் காட்டினான். அதற்கு எதிரே, ஆள் ஏறி நிற்கிற எடை மெஷின் ஒன்று சுவரில் சாய்த்து வைத்திருந்தது.

"ஷூவைக் கழட்டிட்டு உக்காருங்க சார். வலது காலால மெஷினை அமுக்குங்க."

"எதுக்கு?"

"உங்க காலு எம்புட்டு தள்ளுதுன்னு பாத்துத்தேன் மாஸ்டர் மாட்டுவேன். எல்லாருக்கும் அப்படித்தேன்."

"இது மெக்கானிக் ஷெட்டா, செருப்புக் கடையா?"

"ஆசுபத்திரி சிரிஞ்சு லேசாத் தள்ளும் சார். மாட்டுக்குப் போடுற சிரிஞ்சைத் தள்ளிப் பாருங்க, கட்டைவிரல் கழண்டுரும். பெரிய மாஸ்டர் போட்டா பெடலு அப்படித்தேன், கல்லா இருக்கும்."

"பெரிய பிரேக்குக்குப் பெரிய மாஸ்டர். இதைச் சொல்ல நான் மாட்டாஸ்பத்திரிக்குப் போகணுமா? ஒரு இஞ்சை மாட்டுப்பா."

முத்திருளன் மாட்டினான். பட்டாபிராமன் மறுநாள் கல்லூரி ஆசிரியர் அறையில், பழங்காநத்தத்தில் கால் ஜோசியர் ஒருவர் இருப்பதாக அறிவித்தார். மூன்று நாள் சிரித்தார்கள். தமிழ்த்துறையில் இரண்டு பேர் முகவரி கேட்டார்கள்.

வியாழக்கிழமை காலையில் கார் வீட்டுக்கு வந்தது. பட்டாபிராமன் பெடலை மிதித்தார். அரை விரல்கடை இறங்கி, சுவரில் முட்டியதுபோல் நின்றது.

"பாத்தியா, என்ன கெட்டி!" என்றார் ஸ்யாமளாவிடம்.

"கெட்டியா இருக்கு, சரி. கார் நிக்குமோ?"

ஒத்திகை பார்த்துவிடுவது என்று முடிவானது. ஸ்யாமளாவின் தம்பி ஹாலாஸ்யம் நாயனக்காரர் ஆனான். குடையை நாயனமாகப் பிடித்துக்கொண்டு, பத்தடி நடப்பதும் நின்று ஓர் ஆலாபனை செய்வதுமாகத் தெருவில் முன்னால் போனான். அவன் நிற்கும்போதெல்லாம் கார் நிற்க வேண்டும். முதல் மூன்று தடவை நின்றது. நாலாவது தடவை பட்டாபிராமன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சீட்டிலிருந்து எழும்பி மிதித்தார். ஆறாவதில் தொடை நடுங்கியது. எட்டாவது ஆலாபனையின் நடுவே பம்பர் ஹாலாஸ்யத்தின் முழங்காலுக்குப் பின்னால் மெல்லத் தட்ட, அவன் அப்படியே பானெட்டில் உட்கார்ந்தான்.

"அத்திம்பேர், நாளைக்கு நாயனக்காரரும் கார்லதான் வரப்போறாரா?"

"ஏன்னா, பேசாம அந்த வாடகைக் காரையே..." என்று ஸ்யாமளா ஆரம்பித்தாள்.

"கணக்குப் போடணும்" என்று சொல்லிவிட்டுப் பட்டாபிராமன் நொண்டியபடி உள்ளே போனார்.

காகிதத்தில் எழுதினார். அழுத்தம் சமம் விசை வகுத்தல் பரப்பு. பரப்பு கீழே இருந்தது. பதினேழு வருஷமாகவே கீழேதான் இருந்திருக்கிறது. அதை மேலே எழுதிய பையன்களுக்கு அவரே சைபர் போட்டிருக்கிறார். சிலிண்டரின் பரப்பு கூடினால், அதே மிதிக்கு அழுத்தம் குறையும். முக்கால் இஞ்சு போட்டால் பெடல் கொஞ்சம் ஆழமாக இறங்கும். அழுத்தமோ ஏறக்குறைய இரட்டிப்பு. எல்லாம் பிரமாதமாக வந்தது. விசை என்ற இடத்தில் மட்டும் போட அவரிடம் எண் இல்லை.

மத்தியானம் ஷெட்டில் முத்திருளன் காகிதத்தை மரியாதையாக வாங்கி, தலைகீழாகவே பார்த்தான்.

"கணக்கு சரியாத்தேன் இருக்கும் சார். இதுல உங்க காலு எங்க இருக்கு?"

பட்டாபிராமன் தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஷூவைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார்.

"இருபத்தெட்டு கிலோ" என்றான் முத்திருளன். "போன வாரம் புரோட்டாக் கடை அண்ணே அறுபத்தஞ்சு அமுக்குனாரு. அவருக்கு ஒரு இஞ்சு சரி. உங்களது சாக்பீஸ் காலு சார். முக்காலுதேன்."

சிரிக்காமல்தான் சொன்னான். சிரித்திருந்தால் தேவலை என்று பட்டாபிராமனுக்குத் தோன்றியது. ஒரு இஞ்சைக் கழற்றி முக்கால் இஞ்சை மாட்டி, குழாய்களில் காற்றில்லாமல் எண்ணெய் ஓட்டி முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஜானவாசம் கிளம்பியது. நாயனக்காரர் நாற்பது இடத்தில் நின்றார். நாற்பது இடத்திலும் மாரிஸ் பூப்போல நின்றது. மாப்பிள்ளையின் மாலை ஒரு தடவைகூட ஆடவில்லை. அக்கா எல்லாரிடமும், "ஓட்டறது என் தம்பி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பெண்ணையே யாரும் விசாரிக்கவில்லை.

சத்திர வாசலில் பெண்ணின் பெரியப்பா காரைச் சுற்றி வந்தார். அவரிடம் ஒரு பழைய ஹில்மன் கார் இருந்தது.

"நானும் பெரிய பிரேக் மாத்தப்போறேன் ஸ்வாமி. பெரிய பிரேக்குன்னா பெரிய மாஸ்டர்தானே? ஒரு இஞ்சே போட்டுடலாம்னு இருக்கேன். பிசிக்ஸ் படிச்சவர், நீங்க சொல்லுங்கோ."

பட்டாபிராமன் திரும்பிப் பார்த்தார். ஹாலாஸ்யம் பந்திப் பக்கம் போயிருந்தான். காரின் கதவைத் திறந்து பெரியப்பாவைச் சீட்டில் உட்காரவைத்தார். எதிரே குந்தி, தன் உள்ளங்கையைச் சுவர்போல நிமிர்த்திப் பிடித்தார்.

"செருப்பைக் கழட்டிட்டு, வலது காலால இதை அமுக்குங்கோ" என்றார், பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில்.