லூக்கா என்றொரு ஊர்

பொழிச்சலூரில் மொட்டைமாடியை உரசுகிற மாதிரிதான் விமானம் இறங்கும். யார் யார் பெற்ற பிள்ளைகளையோ கொண்டுவந்து இறக்குகிறது, தன் மகளை மட்டும் கொண்டுவர மாட்டேன் என்கிறது என்று சரோஜினி டீச்சருக்கு அதன் மேல் தீராத கடுப்பு. ஜெரூஷா ஜெர்மனிக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. ஊருக்கு வந்தால் சொந்தக்காரர்கள் கல்யாணப் பேச்சை எடுத்துத் துளைத்துவிடுவார்கள் என்று பயம். அதனால், "நீங்க ரெண்டு பேரும் இத்தாலிக்கு வந்துடுங்க, ஒரு வாரம் ஒண்ணா இருக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். எந்த ஊரில் தங்குவது என்பதுதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட்டதும் வீடியோ காலில் பஞ்சாயத்து தொடங்கியது.

"சியனாதான்" என்றார் டீச்சரின் கணவர் தேவானந்தம். ரிட்டயரான சரித்திர வாத்தியார்; பழைய கட்டடம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். "கோபுரம், சர்ச், மியூசியம். காலைலயே கிளம்பினா எல்லாத்தையும் பாத்துடலாம்."

பார்த்து விளங்கினாற்போலத்தான். அப்பாவும் மகளும் ஊர் சுற்றுவார்கள். முட்டிவலிக்காரி சரோஜினி பெஞ்சில் உட்கார்ந்து பைகளுக்குக் காவல் இருப்பாள். அதிலேயே வாரம் ஓடிவிடும். ஒரு நாளாவது மகள் தலையில் எண்ணெய் வைக்க முடியுமா?

"இல்லேன்னா லுக்கா" என்றாள் ஜெரூஷா. "அங்க பெருசா ஒண்ணும் இல்ல மம்மி. பழைய மதில் மேல வாக்கிங் போலாம். கிச்சனோட வீடு கிடைக்குது, அவ்ளோதான்."

"லூக்காவா! அங்கயே போலாம்" என்றாள் சரோஜினி அவசரமாக.

"ஐயோ மம்மி, அதுக்கும் பைபிள்ல வர்ற லூக்கா சுவிசேஷத்துக்கும் சம்பந்தமே இல்ல!"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். தேவானந்தமும் சேர்ந்துகொண்டார். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று சரோஜினியும் சிரித்துவைத்தாள். உன்னோடு வீட்டிலேயே கிடக்க வேண்டும் என்று வளர்ந்த பெண்ணிடம் எப்படிக் கேட்பது? வாய் வரவில்லை.

"டாடியும் நானும், ரெண்டு ஓட்டு சியனாவுக்கு. அதையே புக் பண்ணிடறேன்" என்றாள் ஜெரூஷா.

போனை வைக்கும் முன் ஜெபம் செய்வது அந்த வீட்டு வழக்கம். இன்று சரோஜினியின் முறை. கண்ணை மூடினாள்.

"அன்பின் பரலோகப் பிதாவே, இந்த நல்ல நாளுக்காக உமக்கு ஸ்தோத்திரம். பிள்ளையின் கையின் கிரியைகளை ஆசீர்வதியும். எங்கள் பிரயாணத்தைக் காத்துக்கொள்ளும்..."

வழக்கமான வார்த்தைகள் அதோடு தீர்ந்துபோயின. ஆனால் வாய் நிற்கவில்லை.

"ஆண்டவரே, நான் கோபுரம் பாக்கப் போகல. எனக்கு எம்புள்ளையப் பாக்கணும். அவ தூங்கி எந்திரிக்கிறதப் பாக்கணும். ஒரு ரசம் வெச்சுக் குடுக்கணும். நாலு வருஷமா பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. சுத்திப் பாக்க ஒண்ணுமில்லாத ஊராக் குடும் ஆண்டவரே. ஆமென்."

தலைக்கு மேல் விமானம் ஒன்று இரைந்துகொண்டு போனது. சத்தம் ஓய்ந்ததும் தேவானந்தம் ஆமென் சொன்னார். சரோஜினிக்கு வெட்கமாகப் போய்விட்டது. கண்ணைத் திறக்காமலேயே உட்கார்ந்திருந்தாள்.

போனிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஆமென்" என்றாள் ஜெரூஷா. "மம்மி, லுக்காவுக்கு குக்கர் நீ எடுத்துட்டு வரியா, நான் எடுத்துட்டு வரட்டுமா?"