பூனை படுத்த மஞ்சள் பூ

செடிகளை இனங்கண்டு சொல்வது அவள் வேலை. அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பூதக்கண்ணாடி என்றால் அவள்தான்.

நீரேற்று நிலையத்துக்குப் பின்னால், காய்ந்த சரளை மேட்டில் மஞ்சள் பூ பூத்திருந்தது. தண்டில் பொடி முடிபோல் சுணை இருந்தால் அந்த மண்ணுக்கே சொந்தமான செடி, மேட்டைத் தொடக்கூடாது. வழுவழுவென்றிருந்தால் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட களை. வெட்டிவிட்டு வண்டி நிறுத்த இடம் போடுவார்கள். பத்து வருடமாக அவள் மதியச் சாப்பாடு அந்த மேட்டில்தான். அது போய்விட்டால் அவளுக்குத் தாங்காது.

ஒரு கிளைதான் பறிக்கலாம் என்பது விதி. பறித்து வீட்டு மேசையில் வைத்தாள். இரவு பூதக்கண்ணாடி வழியே பார்த்தால், வெள்ளை வெளேரென்று சுணை! தலைகால் புரியவில்லை. உடனே மேலாளருக்கு போன் போட்டு, "நம்ம செடிதான் சார், கண்ணை மூடிக்கிட்டு சொல்வேன்" என்றாள். கண்ணைத் திறந்துகொண்டு சொல்லியிருக்கலாம்.

காலையில் மேட்டில் புல்வெட்டும் வண்டி ஓட்டுநருக்குக் காட்டக் குனிந்தாள். தண்டு வழுவழுவென்றிருந்தது. அடுத்ததும் அப்படியே. அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நேற்று சாயங்காலம் முழுக்க மேசையில் அந்தக் கிளைமேல் படுத்திருந்தது அவள் வீட்டுப் பூனை.

சொல்லாமல் விட்டால் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் மனசு கேட்கவில்லை.

"அண்ணே, நான் பாத்தது பூனை முடி. இது களைதான். வெட்டிடுங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பேன்ட்டை சாக்ஸுக்குள் திணிக்க ஆரம்பித்தார்.

"எதுக்குண்ணே?"

"அந்தக் கோடியில வெட்டினா மூணு நாளைக்கு சொறிஞ்சுக்கிட்டே திரியணும்மா. இங்க ஒண்ணும் பண்ணாது. ரெண்டும் ஒரே பூதானே, ஏன்னுதான் தெரியல."

அவள் ஓட்டமாய் ஓடினாள். அந்தக் கோடியில் குட்டையான செடிகள், தண்டெல்லாம் சுணை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் நடுவில் இரண்டும் கலந்து கிடந்தன. எல்லை எங்கே? ஒவ்வொரு தண்டாகப் பார்த்தால் ஒரு மாதம் ஆகும்.

அவர் காலைப் பார்த்தாள். "அண்ணே, பேன்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டுங்க."

அவர் நடந்தார். "ஐயோ" என்ற இடத்திலெல்லாம் அவள் கொடி நட்டாள். மதியத்துக்குள் மேட்டில் முக்கால்வாசி தப்பித்தது.

படிவத்தில் 'பயன்படுத்திய கருவி' என்ற இடத்தில் 'ஓட்டுநரின் வலது கால்' என்று எழுதினாள்.

அவர் எட்டிப் பார்த்தார். "இடது காலையும் சேத்துக்கம்மா. அதுவும்தானே அரிக்குது."