கொடி இல்லாத பால்கனி

ஜோர்தினாவுக்கு உட்கார முடியவில்லை. அஞ்சலி மண்டபத்துக் கண்ணாடிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவப்பெட்டிக்குள் அப்பா எஸ்தேவ். இந்தப் பக்கம் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு அம்மா என்கார்னா. மன்லேவ் ஊரே வந்து கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போயிற்று. வெந்தூரா மாமா மட்டும் வெளியே சிகரெட்டும் கையுமாக நின்றார். அப்பாவோடு தினம் சீட்டாடிய மனுஷன், உள்ளே ஒரு எட்டு வைக்கவில்லை!

"உட்காருடி, எனக்குத் தலை சுத்துது."

"அவர் ஏம்மா உள்ள வரல?"

"நீ ஏர்போர்ட்லேருந்து நேரா வந்துட்ட. வீட்டு பால்கனியப் பாத்தா தெரிஞ்சிருக்கும். அப்பா கொடியக் கழட்டினதுலேருந்து ரெண்டு பேருக்கும் பேச்சில்ல. எஸ்தேவ் மாறிட்டான்னு பார்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். உங்கப்பா வாயே திறக்கல."

"ஏன் கழட்டினார்?"

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்குத்தானே அனுப்பினார்."

ஜோர்தினா அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்பெயினிலிருந்து பிரிந்து தனி நாடு கேட்கிறவர்கள் கட்டும் கொடி அது. அவர்கள் தெருவில் கொடியே கட்டாதவனை யாரும் கண்டுகொள்வதில்லை. கட்டியிருந்ததை அவிழ்த்தவனைத்தான் விடமாட்டார்கள்.

படிக்கப் போகுமுன் அதே பாரில், வெந்தூரா மாமா முன்னாலேயே, "அந்தக் கந்தலை எப்பப்பா இறக்குவீங்க?" என்று சிரித்தவள் அவள். பிறகு வெளிநாட்டில், ப்ரேமனில் மாணவர் விருந்து ஒன்றில் ஆளாளுக்குத் தங்கள் நாட்டுச் சாப்பாடு வைத்தார்கள். இவள் தக்காளி தேய்த்த ரொட்டி வைத்தாள். யாரோ அதில் ஒரு குட்டி ஸ்பெயின் கொடியைக் குத்தி வைக்க, சுள்ளென்று ஏறிவிட்டது. "இது எங்களோடது இல்ல" என்று பிடுங்கிப் போட்டாள். போட்டுவிட்டு அவளே திகைத்தாள். ஊரில் இதற்கெல்லாம் கொட்டாவி விட்டவள்!

மறுநாள் அப்பாவுக்குப் போன். "ஒரு கொடி அனுப்புங்கப்பா. யார்கிட்டயும் சொல்லாதீங்க. வெந்தூரா மாமாவுக்குத் தெரிஞ்சா ஓட்டியே கொன்னுடுவார்." அப்பா சிரித்த சிரிப்பு இன்னும் காதிலேயே இருந்தது. வந்தது வெளுத்த கொடி. மஞ்சள் சிவப்புப் பட்டை, நீல முக்கோணத்தில் வெள்ளை நட்சத்திரம். பரணில் கிடந்த பழசு என்றுதான் நினைத்தாள். சுவரில் மாட்டினாள். வருகிறவர்கள் எல்லாம் என்ன கொடி என்று கேட்க, சொல்லிச் சொல்லி, கடைசியில் அப்பா மாதிரியே மேஜையைத் தட்டிப் பேசினாள்.

"புதுசு ஒண்ணு வாங்கிக் கட்டியிருக்கலாமேம்மா!"

"நானும் சொன்னேன். அவ வரும்போது கொண்டுவருவா, அதுவரைக்கும் அந்த இடம் காலியாவே இருக்கட்டும்னார்."

ஜோர்தினா பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். பெட்டி மேல் போர்த்தத்தான் கொடியைச் சுவரிலிருந்து எடுத்து வந்திருந்தாள். அதை வெந்தூரா கையில் வைத்தாள்.

"அப்பா மாறல மாமா. நான்தான் கேட்டேன். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னும் நான்தான் சொன்னேன்."

வெந்தூரா விரித்துப் பார்த்தார். மூலையில், காற்றில் கிழிந்த இடத்தில், என்கார்னாவின் தையல். ஸ்பெயினின் தெற்கிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள்; அந்தக் கொடியை அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும் தைத்துக் கொடுத்தது அவள்தான்.

"பாவிப்பய. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா என்னை ஓட்டியிருப்பீங்க."

"ஓட்டியிருப்பேன்தான்! சும்மா விட்டிருப்பேனா?" என்றார். சிகரெட்டை அணைத்துவிட்டு உள்ளே போனார். கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

கொடியை அவரிடமிருந்து வாங்கி ஜோர்தினா பெட்டி மேல் போர்த்தப் போனபோது என்கார்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரோட சேத்து இதையும் எரிக்கவா? வேணாம். இத அந்தத் தெரு பாக்கணும்."

தகனம் முடிந்து வந்ததும், கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஜோர்தினா பால்கனிக்குப் போனாள். கம்பியில் அப்பா கட்டிய கயிறுகள் அப்படியே தொங்கின. காற்று கொடியைப் பிடுங்கியது. ஒரு பக்கம் கட்டினால் மறுபக்கம் நழுவியது.

கீழே தெருவில் நின்று வெந்தூரா அண்ணாந்து பார்த்தார். எத்தனையோ வருஷப் பழக்கம்.

"டேய் எஸ்தேவ், இடது பக்கம் தொங்குதுடா! தூக்கிக் கட்டு!"

எதிர் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். வெந்தூரா தலையைக் குனிந்துகொண்டார்.

ஜோர்தினா இடது பக்கத்தைத் தூக்கிக் கட்டினாள்.