துர்கா எடுத்த கத்தி

ராம்கி போனில் கேட்டது ஒரே ஒரு கத்தி. அதை வாங்கத்தான் துர்கா அன்றைக்கு மண்டிக்கு லீவு சொல்லிவிட்டு, திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள்.

ராம்கி அவள் புருஷன். மரக்காணத்துப் பக்கம் கடலோரக் குப்பத்தில் பிறந்தவன். அந்தமானில் வேலை. முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்குவான். சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மீன் காட்டுவான். பாறையில் சிக்கிக் கிடக்கிற பழைய வலைகளை அறுத்தெடுப்பான். மழைக்காலத்தில் ஊருக்கு வந்து ஒரு மாதம் இருப்பான். மற்றபடி அவன் ஒரு குரல்தான்.

துர்காவுக்கு மல்லாட்டை மண்டியில் நிலக்கடலையிலிருந்து சொத்தை பொறுக்கும் வேலை. ஒரு ரூம், ஒரு ஸ்டவ், ஒரு டம்ளர் அரிசிச் சோறு. சாயங்காலமானால் சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்கார அம்மாவின் டிவியில் சீரியல் ஓடும். அதில் வருகிற மாமியார், மருமகள், வில்லன் எல்லாருடைய குரலும் துர்காவுக்கு அத்துப்படி. ஒருத்தர் முகமும் தெரியாது.

போன ஞாயிறு ராம்கி சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

“வலைய அறுக்கப் போனா அது என்னையே சுத்திக்கிச்சு துர்கா. கத்திய உருவுறேன், வரல. துருப்புடிச்சு உறையிலயே ஒட்டிக்கினு கீது. கூட வந்தவன் அறுத்துவுட்டான்.”

அவள் சிரிக்கவில்லை.

“சவுரி அண்ணன் கடையில ஒண்ணு வாங்கி, எங்கூட வேலை செய்யற செல்வகுமாரு லீவு முடிஞ்சு வியாழக்கிழமை கெளம்புறான், அவங்கிட்ட குடுத்துவுடு.”

“எது நல்லதுன்னு எனக்கு இன்னா தெரியும் மாமா?”

“அவரு காட்டுவாரு, நீ பாத்து எடு. என்னப் பத்தி உனக்குத் தெரியாததா?”

அதோடு லைன் போய்விட்டது. மறுநாள் அவன் தூரத்துத் தீவுக்குப் படகேறிவிட்டான். அங்கே சிக்னல் கிடையாது.

விஷயம் தெரிந்ததும் மாமியார் முனியம்மாள் குப்பத்திலிருந்து போன் போட்டாள். “இரும்பான்னு பாத்து எடு. காந்தத்த வெச்சுப் பாரு, ஒட்டலன்னா வாணாம். தண்ணிக்கு அடியில போறவன் இடுப்புல இரும்பு இருக்கணும்.”

அவர்கள் வீட்டுப் பழக்கம் அப்படி. பிள்ளைத்தாய்ச்சி வெளியே கிளம்பினால் முந்தானையில் ஒரு ஆணியை முடிந்துகொள்வாள். உச்சி வேளையில் சுடுகாட்டைத் தாண்டுகிறவன் மடியில் சாவியாவது இருக்க வேண்டும். காற்று கறுப்பு அண்டாது. தெருவில் நடக்கிறவர்களுக்கே இப்படியென்றால், கடலின் வயிற்றுக்குள் இறங்குகிறவனுக்கு? துர்கா பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைப் பெயர்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சவுரிராயன் துறைமுகங்களில் முத்துக்குளிக்கிறவர் மாதிரி மூழ்கி வேலை பார்த்தவர். காது போனதும் விழுப்புரம் ஸ்டேஷன் பக்கம் மோட்டாருக்குச் செம்புக்கம்பி காயில் கட்டும் கடை போட்டுவிட்டார். கேட்டு வருகிற பழைய கூட்டாளிகளுக்கு மட்டும் மூழ்கும் சாமான்களைத் தருவித்துக் கொடுப்பார்.

“வா தங்கச்சி. இந்தப் பக்கம் வந்து பேசு, அந்தக் காது லீவுல இருக்குது.”

மூன்று கத்திகளைத் துணியில் வரிசையாக வைத்தார். மூன்றுக்கும் ஒரு பக்கம் ரம்பப் பல், ஒரு பக்கம் நேர் வாய். முனை மழுங்கல்.

“முனை இல்லியேண்ணே?”

“கூரா இருந்தா அவசரத்துல தன் தொடையிலயே எறக்கிக்குவான். பல்லு கயித்துக்கு. இதோ, கொக்கியாட்டம் ஒரு வெட்டு கீதே, அது தூண்டில்ல கட்டற தங்கூசு நரம்புக்கு. அதெல்லாம் ஒண்ணுதான். வித்தியாசம் உலோகத்துல.”

முதல் கத்தியைத் தொட்டார். “கெட்டி ஸ்டீல். கூர்னா கூரு, நாள்பட நிக்கும். ஆனா உப்புத்தண்ணிக்கு ஆவாது. இது நடுவுல இருக்கறது, மெத்து ஸ்டீல். துரு கம்மி, வாய் சீக்கிரம் மொக்கையாயிடும். இது டைட்டானியம். ஜென்மத்துக்கும் துருவேறாது. மொதல் கத்தி அளவுக்குக் கூர் நிக்காது, பல்லு வலை அறுத்துடும்.”

துர்கா காந்தத்தை எடுத்தாள். முதல் கத்தியில் டக்கென்று ஒட்டிக்கொண்டது. இரண்டாவதில் வழுக்கியது. மூன்றாவது, அப்படி ஒரு பொருள் பக்கத்தில் வந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

சவுரிராயன் குலுங்கிச் சிரித்தார். “எங்கூட்டுக்காரியும் இப்பிடித்தான். நான் கழுத்துல சிலுவையோட எறங்குவேன், அவ அரைஞாண்ல ஆணியக் கட்டி வுடுவா. சிலுவை மேலயும் முழுசா நம்பிக்கை இல்ல, ஆணி மேலயும் இல்ல!” பிறகு சிரிப்பை நிறுத்தினார். “காந்தம் கெடக்குது. ஒண்ணே ஒண்ணு சொல்லு. ராம்கி கழுவறவனா, கழுவாதவனா?”

“இன்னாண்ணே?”

“மேல வந்ததும் நல்ல தண்ணியில அலசி, தொடச்சு, ரெண்டு சொட்டு எண்ணெய் வுடணும். அலுப்பு பாக்காம தெனம் செய்யறவன்னா கெட்டி ஸ்டீல எடு. சோம்பேறின்னா, உசுரு போற நேரத்துல அது உறைய வுட்டு வராது.”

துர்கா யோசித்தாள். வீட்டுக்கு வந்தால் அவன் சட்டையைக் கழற்றுகிற இடம்தான் சட்டைக்கு இடம். சாப்பிட்ட தட்டு உட்கார்ந்த இடத்திலேயே காயும். ஈரத்துண்டு கட்டில்மேல் கிடக்கும். அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள். பொறுக்குவதற்கு ஒரு ஆள் இருக்கிறானே என்று அதில் ஒரு சந்தோஷம்கூட உண்டு. அவன் வந்து தங்கிய மாதங்களையெல்லாம் சேர்த்துக் கூட்டினால் ஒரு வருஷம்கூடத் தேறாது. அவனைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அதற்குள்தான்.

“கழுவ மாட்டாருண்ணே,” என்றாள். புருஷனைப் பற்றி அயலாரிடம் கோள் சொன்னது போல நாக்கு கூசியது. “ஒட்டாத அந்த மூணாவதையே குடுங்க.”

பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றபோது முனியம்மாள் கூப்பிட்டாள். “ஒட்டுச்சா?”

“ஒட்டுச்சு அத்தை.”

வியாழக்கிழமை செல்வகுமார் கத்தியை வாங்கிக்கொண்டு போனான். அதற்கப்புறம்தான், கேளுங்கள், துர்காவுக்கு நாள் நகரவில்லை. மண்டியில் சொத்தையை நல்லதோடு போட்டுத் திட்டு வாங்கினாள். “இன்னாடி பேஜாரு உனக்கு?” என்று பக்கத்தில் இருந்த சின்னபொண்ணு கேட்டாள். என்னவென்று சொல்வது? பெற்றவளிடம் பொய் சொல்லி, பிள்ளையை இரும்பில்லாமல் கடலுக்குள் இறக்கியிருக்கிறேன் என்றா? ஒன்று ஆகிவிட்டால் அது அவள் தலையில்தான். அந்த பயத்தைப் பங்கு போட்டுக்கொள்ள ஒரு ஆள் இல்லை. போன் அடித்தால் என்ன சேதியோ என்றிருந்தது. அடிக்காவிட்டால் இன்னும் மோசம்.

ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் போன் வந்தது.

“இப்பத்தான் தீவுலேர்ந்து திரும்புனேன். கத்தி வந்துச்சுடி. நேத்து ஒரு வலைய அறுத்தேன். பொடவ கிழியறாப்புல கிழியுது.”

அவள் சோறு வெந்துகொண்டிருந்த ஸ்டவ்வின் தீயைக் குறைத்தாள்.

“அம்மா கேட்டுச்சு, காந்தம் ஒட்டுதான்னு. நீ ஒட்டுச்சுன்னு சொன்னியாமே, நானும் அதையே சொல்லிட்டேன். ஆமா, கெட்டி ஸ்டீலே போதுமே, ஏன் இத எடுத்த?”

“நீ கழுவ மாட்டியே மாமா.”

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. “நானா? இங்க வந்து கேளு. எல்லார் சாமானையும் நாந்தான் அலசிக் காய வெக்கிறேன். பசங்க என்னை ‘ஆயா’ன்னு கிண்டல் பண்றானுங்க. அன்னிக்கு நான் இடுப்புல கட்டிக்கினு போனது வேலை எடத்துப் பொதுக் கத்தி. எவன் எவனோ எடுத்துப் போட்டது.”

முதல் ஆளாக எழுந்து டீ போடுவதும் அவன்தானாம். பாயைச் சுருட்டுவதும் அவன்தானாம். தட்டுக் கழுவிக் கவிழ்க்காமல் யாரும் எழுந்து போகக்கூடாது என்று சட்டமே போட்டிருக்கிறானாம்.

துர்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: “அப்ப இங்க வந்தா மட்டும் ஏன் தட்ட அங்கியே போட்டு வெக்கிற?”



“நீ எடுப்பியேன்னுதான்.”

அவள் ஸ்டவ்வை அணைத்தாள். போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“டீயில சர்க்கரை எவ்ளோ போடுவ?” என்று கேட்டாள்.