செய்தி வந்து சேரும் வேகம்

எங்கோ இரண்டு விண்மீன்கள் மோதிக்கொண்ட சேதி பதின்மூன்று கோடி வருடம் பயணம் செய்து பூமிக்கு வந்து சேர்ந்திருப்பதாக டெனிஷ் வானொலி சொன்னபோது, றஜனி வேலைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஈர்ப்பலை முதலில் வந்ததாம். இரண்டு விநாடிக்குள் ஒளியும் வந்துவிட்டதாம். ஈர்ப்புக்கும் ஒளிக்கும் ஒரே வேகம் என்று இப்போது அளந்தே காட்டிவிட்டார்கள். செய்தி வாசித்தவருக்கு அது பெரிய வியப்பு. றஜனிக்கோ கிரின்ஸ்டெட் ஊரில் அவர்கள் இருந்த வீட்டுச் சமையலறைதான் நினைவுக்கு வந்தது. 2009 மே மாதம், யன்னலுக்கு வெளியே கண் கூசும் மஞ்சளில் வயல்கள், மேசையில் தோடம்பழத் தோல், அப்பாவின் சிரிப்பு.

அந்த மாதத்தை நினைத்தால் அவளுக்கு ஏக்கம் வரும். ஏங்குவதற்கு வெட்கமாகவும் இருக்கும். அவர்கள் வீடு மனம் விட்டுச் சிரித்த கடைசி நாட்கள் அவை. அந்தச் சிரிப்பைக் காவல் காத்தவள் அவள்தான்.

இலங்கையில் சண்டை முடிந்த கிழமை அது. தெரிந்த தமிழ் வீடுகளெல்லாம் செத்தவீடாய்க் கிடந்தன. அப்பா சிவபாதத்தின் வீட்டில் மட்டும் சுவருக்குப் பூச்சு நடந்தது. அவருடைய தம்பி தவராஜா வன்னியில் அகப்பட்டிருந்தார். கலியாணம் செய்யாத மனிதர். மாசி மாதத்துக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. சண்டை முடிந்துவிட்டது, இனி முகாமில் பதிவார்கள், தொலைபேசி வரும், பிறகு எப்படியாவது இங்கே எடுத்துவிடலாம் என்பது சிவபாதத்தின் கணக்கு. நிலவறையை ஒதுக்கி வெள்ளை அடித்தார். மலிவு விற்பனையில் தடித்த குளிர்ச்சட்டை ஒன்று வாங்கித் தன் தோளிலேயே போட்டுப் பார்த்து, தம்பி தன்னைவிட ஒரு சுற்று மெலிவு என்று சொல்லி, திரும்பக் கொண்டுபோய்ச் சின்ன அளவாக மாற்றி வந்தார்.

றஜனிக்குச் சித்தப்பா என்றால் ஒரு குரல். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் எப்படியோ அழைத்து, இப்போது எவ்வளவு உயரம் என்று கேட்பார். இடம்பெயரும்போது சுவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே என்று, ஒரு தடியில் அவள் உயரத்துக்குக் கோடு போட்டு வைத்திருந்தார். பார்த்தே இராத பிள்ளைக்கு.

மே இருபது, புதன்கிழமை. அம்மா தங்கராணி முதியோர் இல்லத்தில் வேலையில் நின்றார், அப்பா தொழிற்சாலையில். பரீட்சைக்குப் படிக்க விடுமுறை விட்டிருந்ததால் றஜனி மட்டும் வீட்டில். அழைப்பு வவுனியாவிலிருந்து வந்தது. சித்தப்பாவின் பக்கத்து வீட்டுக்காரர் யேசுரட்ணம். யாருடையதோ கைத்தொலைபேசி, ஒரு நிமிடம்தான் பேச முடியும் என்றார். பதினாலாம் திகதி ஷெல் விழுந்தது. அவரைப் பதுங்குகுழி வாசலிலேயே மண்ணைப் போட்டு மூடிவிட்டு வந்தோம்.

"அண்ணையிட்டச் சொல்லு பிள்ளை," என்றார். தொடர்பு அறுந்துவிட்டது.

அவள் சொல்லவில்லை.

காரணத்தை அழகாகச் சொல்ல அவளுக்கு இன்றைக்கும் வராது. அவளுக்குத் தொப்பி வேண்டும். அவ்வளவுதான். கடைசி வாய்மொழிப் பரீட்சை முடிந்து பிள்ளை வெளியே வரும்போது, வாசலில் காத்திருக்கும் பெற்றோர் சிவப்புப் பட்டி வைத்த வெள்ளைத் தொப்பியைத் தலையில் வைப்பது இந்த நாட்டு வழக்கம். அப்பா எட்டாம் வகுப்பு. அம்மா ஒன்பது. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் இந்தப் படியை மிதித்தவர் கிடையாது. அந்தப் பரீட்சை நாளான ஜூன் பதினொன்றுக்கு அப்பா தை மாதமே லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். செய்தி தெரிந்தால் முப்பத்தொரு நாள் சாவுத் துடக்கு, கொண்டாட்டம் எதுவும் கூடாது. பிறகு எந்த வாசல், எந்தத் தொப்பி? சித்தப்பா செத்தாயிற்று. இருபத்திரண்டு நாள் பிந்திச் சொன்னால் இன்னொரு தரம் சாகமாட்டார். பத்தொன்பது வயதில் அவள் இப்படித்தான் யோசித்தாள்.

தூரத்தில் நடந்த சாவுக்குத் துடக்கு, செய்தி காதில் விழுந்த நாளிலிருந்துதான். ஆகவே அப்பாவுக்கு இன்னும் இல்லை. அவளுக்கு இருந்தது. இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று வீட்டில் சண்டை பிடிப்பவள்தான். ஆனாலும் அன்றிலிருந்து சாமி அறைக்குள் கால் வைக்கவில்லை, மீன் தொடவில்லை. டெனிஷ் பெட்டையளின் சைவப் பைத்தியம் இவளுக்கும் தொற்றிவிட்டதாக அம்மா முணுமுணுத்தார்.

பின்னேரங்களில் அவள் சமையலறை மேசையில் பௌதிகம் படிப்பாள். அப்பா தோடம்பழம் உரித்துக்கொண்டு எதிரே இருப்பார். ஒருநாள் அவருக்கு விளக்கினாள். இந்தக் கணம் சூரியன் இல்லாமல் போனால் எட்டு நிமிடம் இருபது விநாடிக்கு நமக்குத் தெரியாது. வெளிச்சம் மட்டுமல்ல, ஈர்ப்பும் அப்படித்தான். உடனே போய்ச் சேரும் என்றுதான் நியூட்டனின் கணக்கு. ஒளியைவிட வேகமாக எதுவும் போகாது, ஈர்ப்பும் போகாது என்றார் ஐன்ஸ்டைன். அதுவரைக்கும் பூமி தன் பாட்டில் சுற்றும்.

"அப்ப அந்த எட்டு நிமிசமும் பூமி எதைச் சுத்துது?"

"இருந்த சூரியனை."

"அது பொய்யெல்லோ?"

"பூமிக்கு வேற வழி இல்லையப்பா."

அப்பா சிரித்தார். "பாவம் பூமி," என்று ஒரு சுளையை நீட்டினார். அந்தச் சுளையின் புளிப்பு றஜனிக்கு இன்னும் நாக்கில் நிற்கிறது.

தொப்பிக் கதை தெரிந்த தமிழ் வீடுகளுக்குள் போய், அவர்களில் ஒருத்தியான மேரிகிறேஸ் அக்கா அப்பாவைத் தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். சனம் முழுக்கச் செத்துக் கிடக்க உங்களுக்கு மட்டும் கொண்டாட்டமோ என்று கேட்டாள்.

அப்பா நிதானமாகத்தான் சொன்னார். "என்ர வீட்டில ஒருத்தரும் சாகேல்லை, மேரிகிறேஸ்."

பக்கத்துக் கதிரையில் இருந்த றஜனி புத்தகத்தின் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜூன் பதினொன்று. பச்சைத் துணி விரித்த மேசையில் கவிழ்த்து வைத்த கேள்வித் துண்டுகளில் அவள் எடுத்தது: ஈர்ப்பு. வெளியிலிருந்து வந்த பரீட்சகர், பூமி எந்தக் கருவியை வைத்தாவது சூரியன் போனதை முந்தி அறிய முடியுமா என்று கேட்டார். முடியாது என்றாள். அதை விளக்கத் தொடங்கிய சமன்பாட்டைப் பாதியில் விட்டாள். அதிகப் புள்ளியான பன்னிரண்டு கிடைக்கவில்லை, பத்து. வாசலில் அப்பா தொப்பியை வைத்தார். அது சரிந்து காதில் விழுந்தது. வேலையை விட்டு வர முடியாத அம்மாவுக்காக இருபது படம் எடுத்தார்.

சாப்பிட்ட பிறகு சொல்வதென்று அவள் நினைத்திருந்தாள். காருக்குள் ஏறியதும் அப்பா கமராவைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"தம்பி போன் எடுக்கட்டும். தொப்பியோட சேத்து உயரம் சொல்லுறன். தடி காணாது அவனுக்கு."

அங்கேயே சொல்லிவிட்டாள். யேசுரட்ணம், பதினாலாம் திகதி, பதுங்குகுழி வாசல், மே இருபது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.

அப்பா கமராவை மடியில் வைத்தார். வாசலில் வேறு பிள்ளைகளுக்குக் கொடி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். "அதுதான் நீ மீன் தின்னேல்லையோ?" என்றார். அவள் தலையாட்டினாள். பிறகு அப்பா முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டு, "என்னைச் சிரிக்க விட்டிட்டாய்," என்றார். திட்டுகிறாரா, வேறு எதையாவது சொல்கிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை. தொப்பியைக் கழற்றினாள்.

வீட்டில் அம்மா அழுது ஓய்ந்த பிறகு அப்பா ஐயருக்கு அழைத்தார். செய்தி எப்போது கிடைத்தது என்று ஐயர் கேட்டது தொலைபேசிக்கு வெளியேயும் கேட்டது. றஜனி சுவரோடு நின்றாள். இன்று என்று சொல்வார், முப்பத்தொரு நாளும் தன் முகத்தில் முழிக்கமாட்டார் என்று நினைத்தாள்.

"மே இருபது," என்றார் அப்பா. "வீட்டுக்குச் செய்தி அண்டைக்கே வந்திட்டுது."

அப்படியானால் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி ஜூன் பத்தொன்பது என்றார் ஐயர். அழைப்பை வைத்ததும் றஜனிக்குக் கோபம்தான் வந்தது, தன்மேலா அவர்மேலா என்று தெரியாத கோபம்.

"அப்பா, உங்களுக்குத் துடக்கு இண்டையில இருந்துதான். எனக்காகச் சித்தப்பாவின்ர நாளைக் குறைக்காதேங்கோ."

"உனக்கொண்டு எனக்கொண்டு எண்டு இந்த வீட்டில ரெண்டு சாவு நடக்கேல்லை," என்றார் அப்பா. "இருபத்திரண்டு நாள் தனிய இருந்திட்டாய். மிச்சத்துக்கு நானும் வாறன்."

பிறகு அவர் மேசையில் இருந்தார். அவளும் எதிரே இருந்தாள். அந்தியேட்டிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.