வாழைத்தோட்டக்காரரின் மகள்

என் அப்பா பாட்டுக்காரர் நோர்மன். அவருடைய தோணிப் பாட்டைக் கேட்காதவர் எங்கள் ஊர் கொழும்புத்துறையில் மட்டுமல்ல, கனடாவில்கூட இல்லை. நானும் கிட்டாரோடு நாட்டுப்பாட்டுப் பாடுகிறேன். மூன்று வருடமாக எந்த மேடையில் ஏறினாலும் என்னை "நோர்மன்ரை மகள்" என்றுதான் கூப்பிடுவார்கள். என் பாட்டு பாதி போவதற்குள் "அப்பான்ரை தோணிப் பாட்டை எடுத்து விடு பிள்ளை" என்று ஒரு குரல் வரும். கிட்டாரால் ஒரு போடு போடலாம் போலிருக்கும்.

சண்டிலிப்பாய்ப் பக்கம் ஒரு வாசிகசாலை ஆண்டுவிழாவுக்குப் பாட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அப்பா பெயரைச் சொல்லாமல் போனேன். ஒரு தடவையாவது என் பாட்டை முழுதாகப் பாடவேண்டும். அவ்வளவுதான் ஆசை. செயலாளர் முருகேசு ஐயா என் குரலைக் கேட்பதற்கு முதல் என் பூர்வீகத்தைக் கேட்டார்.

"பிள்ளை ஆரின்ரை மகள்?"

"நாங்கள் நீர்வேலி. அப்பா வாழைத்தோட்டம்." வாய் தானாகப் புளுகியது.

"நல்லது. ஐயாவையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாரும். தேப்பனுக்குப் பொன்னாடை போத்தாமல் நாங்கள் ஒருத்தரையும் பாட விடுறேல்லை."

வீட்டுக்கு வந்து அழாத குறையாகச் சொன்னேன். அப்பா எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது நாற்பது வருடத்து முறுக்கு மீசையைக் காணவில்லை. அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த முகத்தை முதலே காட்டியிருந்தால் நான் கொஞ்சம் யோசிச்சிருப்பன்."

"மீசை போனால் என்ன நேசம்மா? நோர்மனை ஒளிக்கேலாது. கண்ட உடனை பிடிச்சிடுவினம்," என்றார் அப்பா, கவலையும் பெருமையுமாக.

விழாவில் ஒருவரும் அவரைக் கண்டுபிடிக்கவில்லை. பொன்னாடையைப் போர்த்திவிட்டு முருகேசு ஐயா, "கதலி வாழைக்கு என்ன உரம், என்ன பசளை போடுறனீர்?" என்று கேட்டார்.

"எல்லாம் போடுறது," என்றார் அப்பா. அவர் முகம் வாடியிருந்தது. பசளைக் கேள்வியால் அல்ல என்று எனக்குத் தெரியும்.

நான் என் பாட்டைப் பாடினேன். முழுதாக. ஒருவரும் தோணியைக் கேட்கவில்லை. கைதட்டல் ஓய்வதாக இல்லை. சந்தோஷத்தில் நான் மூன்று தரம் கும்பிட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். முருகேசு ஐயா மைக்கை அப்பாவிடம் நீட்டினார்.

"பிள்ளை இப்பிடிப் பாடினால் தேப்பன் சும்மாவோ? நோர்மன்ரை தோணிப் பாட்டிலை ரெண்டு வரி விடும் பாப்பம்."

மைக்கைக் கண்டால் அப்பா விடமாட்டார். கலியாண வீட்டிலும் விடமாட்டார், செத்த வீட்டிலும் விடமாட்டார். ஒரு வரி போதும், நான் பழையபடி நோர்மன்ரை மகள். அவர் கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினார்.

அப்படி ஒரு கண்றாவியை நான் கேட்டதேயில்லை. சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். முன்வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஊரே கொண்டாடும் தன் பாட்டைத் தன் வாயாலேயே கொன்று முடித்துவிட்டு அப்பா மைக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

முருகேசு ஐயா சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "அப்ப பிள்ளைக்கு உந்தக் குரல் ஆரிட்டையிருந்து வந்தது?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"எங்கடை குடும்பத்திலை ஒருத்தரும் பாடுறேல்லை ஐயா," என்றார். "இவள்தான் முதல் ஆள்."